பழைய காரின் பெட்ரோல் டேங்கில் துரு: சுத்தம் செய்வதா, மாற்றுவதா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற காரை மீண்டும் ஓட்ட நினைப்பவர்கள் முதலில் என்ஜினைத்தான் பார்க்கிறார்கள். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவிப் பூட்டியிருப்பார்கள், ஸ்பார்க் பிளக்கும் புதிதாக இருக்கும். பெட்ரோல் டேங்கை மட்டும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். இரண்டு வாரத்தில் கார்புரேட்டர் மறுபடி அடைத்துக்கொண்ட பிறகுதான் கீழே என்ன கதை என்று குனிந்து பார்ப்பார்கள். அப்படிக் குனிந்து பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகளும், சொந்தக் கையைச் சுட்டுக்கொண்டு நான் கற்ற பதில்களும் இங்கே.

டேங்குக்குள் துரு இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்கென்றே ஓர் அடையாளம் உண்டு. கார் நன்றாகக் கிளம்பும், நன்றாக ஓடும். வேகம் எடுத்துச் சிறிது தூரம் போனதும் திணறி நின்றுவிடும். ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். டேங்கின் அடியில் கிடக்கும் துருச் செதில்களை எரிபொருள் உறிஞ்சு குழாய் தன் வாயில் இழுத்து ஒட்டிக்கொள்வதுதான் காரணம். என்ஜின் நின்றதும் உறிஞ்சுவது நின்று, செதில்கள் மெதுவாகக் கீழே உதிர்ந்துவிடும். வழி திறந்துகொள்ளும்.

டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தாலும் இதே கோளாறு வரும். ஆகவே கார் நின்ற உடனே மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் குற்றவாளி மூடிதான். சத்தம் இல்லையென்றால் டேங்கின் அடியிலிருந்து ஒரு லிட்டர் பெட்ரோலைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து, மூடி, தீ அண்டாத இடத்தில் ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். காலையில் அடியில் பழுப்புப் பொடி படிந்திருந்தால் துரு. பொடிக்கு மேலே, பெட்ரோலுக்குக் கீழே தெளிவான ஒரு தனி அடுக்கு நின்றால் அது தண்ணீர். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

பெட்ரோல் நிற்கும் இடத்தில் துரு எப்படி வருகிறது?

பெட்ரோல் நிற்காத இடம்தான் பிரச்சினை. பாதி காலியான டேங்கின் மேற்பாதியில் இருப்பது காற்று. இரவில் குளிர்ந்ததும் அதிலுள்ள ஈரம் உட்சுவரில் வியர்த்து, வழிந்து கீழே இறங்கும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. அதனால் அடிமட்டத்தில் போய்த் தங்கிவிடும், மேலே நிற்கும் பெட்ரோல் அதை ஆவியாகவும் விடாது. இப்படி ஒவ்வொரு நாளும் சில துளிகள் சேரும்.

பழைய டேங்குகள் பலவற்றின் இரும்புத் தகட்டில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த மெல்லிய பூச்சு இருந்தது. அது இருக்கும்வரை தகடு தாங்கியது. முதலில் போவது தண்ணீர் தேங்கும் அடிப்பகுதிப் பூச்சு.

எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னொரு சிக்கல். எத்தனால் ஈரத்தை ஈர்த்துத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். பத்து விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் சுமார் அரை விழுக்காடு தண்ணீர்வரை தாங்கும். அந்த அளவைத் தாண்டினாலோ குளிர் கூடினாலோ எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். வெறும் தண்ணீரைவிட இந்தக் கலவை இரும்பை வேகமாகத் தின்னும்.

ஃபில்டரை அடிக்கடி மாற்றிக்கொண்டே ஓட்டினால் போதாதா?

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. கண்ணுக்குத் தெரியும் செதிலை ஃபில்டர் நிறுத்தும். மாவு போன்ற நுண்துரு அதையும் தாண்டிப்போய்க் கார்புரேட்டரின் ஊசி வால்வில் உட்காரும். வால்வு மூடாவிட்டால் பெட்ரோல் பொங்கிச் சூடான என்ஜின்மேல் வழியும். வீடு போய்ச் சேரும்வரை ஃபில்டர் உதவும், அவ்வளவுதான்.

டேங்கைக் கழற்றாமல் வண்டியிலேயே வைத்துக் கழுவலாமா?

முடியாது. பெட்ரோல் அலைமோதாமல் இருக்க டேங்குக்குள் வைத்திருக்கும் அடைப்புத் தகடுகளுக்குப் பின்னால் இருக்கும் துருவை அசைக்க டேங்கைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் உருட்டியாக வேண்டும்.

கழற்றும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

இந்த ஒன்றை மட்டும் அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது. எரிவது பெட்ரோல் அல்ல, அதன் ஆவி. காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 விழுக்காடுவரை ஆவி கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். நிரம்பிய டேங்கில் அந்த அளவுக்குக் காற்றுக்கு இடமில்லை. வடித்துவிட்டுக் 'காலி' என்று நாம் நிம்மதி அடையும் டேங்கில்தான் அந்தக் கலவை கச்சிதமாக அமைகிறது. பெட்ரோல் ஆவி சுமார் −40 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கக் கூடியது என்பதால் 'குளிராகத்தானே இருக்கிறது' என்ற சமாதானம் செல்லாது.

முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றுங்கள். வேலை திறந்த வெளியில் நடக்கட்டும். ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். வண்டிக்கு அடியில் நின்று பார்க்கும் குழியில் இறங்கி டேங்கைக் கழற்றுவது தற்கொலை முயற்சிக்குச் சமம். கம்பியில் தொங்கும் பழைய குமிழ் விளக்கு வேண்டாம். கீழே விழுந்து உடைந்தால் அதன் இழையே தீக்குச்சி. தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். வாயால் உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்கும் வீரம் யாருக்கும் வேண்டாம். நுரையீரலுக்குள் கொஞ்சம் போனாலே மருத்துவமனைதான். கைப்பம்பு போதும்.

டேங்கைத் தாங்கும் பட்டைகளின் போல்ட்டுகள் துருவில் இறுகியிருக்கும். ஊடுருவும் எண்ணெயை முந்தைய நாளே அடித்து வையுங்கள். அறுப்பதானால் கையரம்பம் மட்டும். கிரைண்டரும் கேஸ் சுடரும் அந்தப் பக்கமே வரக்கூடாது.

கழற்றியாயிற்று. சுத்தம் செய்வதா, மாற்றுவதா? எப்படி முடிவெடுப்பது?

எவ்வளவு துரு இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் எல்லோரும் முடிவெடுக்கிறார்கள். அது தவறு. எவ்வளவு தகடு மீதி இருக்கிறது என்பதுதான் கேள்வி. உள்ளே செக்கச்செவேல் என்று பயமுறுத்தும் டேங்க், மேலோட்டமான பொடித்துருவை நீக்கியதும் கல்லுப்போல் நிற்கும். சுமாராகத் தெரியும் டேங்க் கைவிரல் பட்டதும் உள்வாங்கும்.

ஆகவே கண்ணைவிடக் கையை நம்புங்கள். வெளிப்புறத்தில் அப்பிய மண்ணையும் தாரையும் சுரண்டிவிட்டு, அடிப்பகுதி முழுவதையும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். பிறகு ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு 'டங்' என்று ஒலிக்கும். அரித்துப்போன இடம் அட்டையைத் தட்டியதுபோல் மழுங்கிய ஓசை தரும். இரண்டு பாதிகளும் சேரும் விளிம்பு மடிப்பு, பட்டைகளுக்கு அடியில் ஈரம் உறிஞ்சிக் கிடந்த பழைய திண்டு இருந்த இடம், வடிகால் போல்ட்டைச் சுற்றிய பகுதி ஆகிய மூன்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பாருங்கள். மேற்புறத்தையும் விட்டுவிடாதீர்கள். எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் டிக்கியின் தரைக்கும் டேங்குக்கும் இடையில் மண் சேர்ந்து ஈரத்தைப் பிடித்து வைப்பதால், டேங்க் மேலிருந்து கீழாக அரிக்கும். கீழே படுத்துப் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. டேங்கை நிரப்பும் அன்று மட்டும் பெட்ரோல் வாடை அடிக்கும் கார் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த மேற்புறத்தைத்தான்.

என் கணக்கு இதுதான். தகடு எங்கும் அமுங்கவில்லை, துளையும் இல்லை என்றால் சுத்தம் செய்யலாம். ஒன்றிரண்டு ஊசித்துளைகள், சுற்றியுள்ள தகடு உறுதி என்றால் தேர்ந்தவரிடம் பற்றவைத்துக்கொள்ளலாம். நாலைந்து துளைகள் அருகருகே இருந்தால் அந்தப் பகுதியே சல்லடையாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். புதிய டேங்க் கிடைக்கும் கார் என்றால் மேற்கொண்டு யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

துருவை நீக்கச் சிறந்த முறை எது?

எதைச் செய்வதற்கும் முன்னால் மிதவை அலகு (பெட்ரோல் அளவை மானிக்குச் சொல்லும் பாகம்), வடிகட்டி வலை, ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். சோப்புத் தூளும் வெந்நீரும் விட்டுப் பல தடவை கழுவுங்கள். பழைய பெட்ரோல் காய்ந்து வார்னிஷ்போல் படிந்திருக்கும். அதன் கீழே இருக்கும் துருவை எந்த அமிலமும் தொடாது.

அடுத்தது உலுக்கல். செதில் செதிலாக நிற்கும் பொருக்கை உதிர்க்க உள்ளே கனமான எதையாவது போட்டுக் குலுக்க வேண்டும். நட்டுகளைப் போடச் சொல்வார்கள். நானும் போட்டேன். உள்ளே போனவை 40, வெளியே வந்தவை 38. மீதி இரண்டும் அடைப்புத் தகடுகளுக்கு இடையில் எங்கோ உட்கார்ந்துகொண்டு, டேங்கைத் தலைகீழாக்கும்போதெல்லாம் கிலுகிலுப்பைபோல் சிரித்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. அன்றிலிருந்து ஒரு கஜ நீளச் சங்கிலிதான். ஒரு முனையைக் கையில் பிடித்திருக்கலாம், இழுத்தால் முழுதாக வந்துவிடும். டேங்கைப் பழைய கம்பளத்தில் சுற்றி, அரை மணி நேரத்துக்கு ஒரு முறை திசை மாற்றி உருட்டுங்கள்.

மிச்சத் துருவுக்கு அமிலம். வீட்டில் செய்பவருக்கு நான் சொல்வது சிட்ரிக் அமிலம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம்வரை கரைத்து, டேங்கின் கழுத்துவரை நிரப்புங்கள். பாதி நிரப்பினால் கூரைப் பகுதித் துரு அப்படியே இருக்கும். மூடியை இறுக்கிவிடாதீர்கள். உள்ளே வாயு உண்டாகும், வெளியேற வழி வேண்டும். ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தகடு சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டால் போதும், மேற்கொண்டு ஊறவிட்டால் நல்ல இரும்பையும் தின்னத் தொடங்கும்.

பாஸ்பாரிக் அமிலம் வேகமாக வேலை செய்யும். துருவைக் கரைப்பதோடு இரும்பின்மேல் மெல்லிய பாஸ்பேட் படலத்தையும் விட்டுச்செல்வது அதன் தனிச்சிறப்பு. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சர்க்கரை ஆலையில் கழிவாக வரும் வெல்லப்பாகான மொலாசஸை ஒன்பது பங்கு தண்ணீரில் கலந்து ஊறவைப்பது சோம்பேறிகளுக்கு ஏற்ற, அருமையான முறை. இரண்டு மூன்று வாரம் ஆகும், நாற்றம் தாங்காது, ஆனால் நல்ல இரும்பைக் கிட்டத்தட்டத் தொடாது.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நான் பரிந்துரைப்பதில்லை. துரு நிமிடங்களில் போகும், தகடும் சேர்ந்து போகும். அதன் புகையே போதும். ஒரு முறை பட்டறைக்குள் வைத்துப் பயன்படுத்தியதில், சுவரில் தொங்கிய ஸ்பேனர்கள் எல்லாம் மறுநாள் காலை பழுப்பேறி நின்றன. துத்தநாகப் பூச்சுள்ள டேங்கில் எந்த அமிலமும் வேண்டாம், துருவுக்கு முன்னால் பூச்சுதான் கரையும்.

மின்னாற்பகுப்பு முறை நல்லது என்கிறார்களே?

நல்லதுதான், செய்யத் தெரிந்தால். டேங்கில் தண்ணீர் நிரப்பி, நாலு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவை சோடாவைக் கரைக்க வேண்டும். மிதவை அலகின் துளை வழியாக ஓர் இரும்புக் கம்பியை, டேங்கின் உடலில் எங்கும் படாதபடி காப்பிட்டுத் தொங்கவிட வேண்டும். 12 வோல்ட் சார்ஜரின் எதிர்மறை முனை டேங்குக்கு, நேர்மறை கம்பிக்கு. மாற்றிக் கொடுத்தால் கம்பி பளபளக்கும், டேங்க் கரையும். இந்தத் தவற்றைச் செய்பவர்கள் அரிதல்ல.

கம்பி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கக் கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவில் தண்ணீரில் கலக்கும். வேலை நடக்கும்போது ஹைட்ரஜன் வெளிவருவதால் திறந்த வெளி தேவை. கிளிப்பைக் கழற்றுவதற்கு முன் சார்ஜரைச் சுவிட்சில் அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளிப்பில் எழும் பொறியே போதும். பெட்ரோல் வாடை துளியும் இல்லாத, நன்றாகக் கழுவிய டேங்கில் மட்டும் இதைச் செய்யுங்கள். இந்தக் காலத்து அறிவுள்ள சார்ஜர்கள் எதிரில் பேட்டரி இல்லையென்றால் மின்சாரம் தர மறுக்கும். பழைய கனமான சார்ஜர்தான் இதற்கு உகந்தது.

குறை ஒன்று உண்டு. கம்பி எதை 'நேருக்கு நேர்' பார்க்கிறதோ அங்கேதான் துரு நன்றாகப் போகும். அடைப்புத் தகடுகள் நிறைந்த டேங்கில் மூலைகள் தப்பிவிடும்.

கழுவி வைத்த பத்து நிமிடத்தில் மறுபடி ஆரஞ்சு நிறம் வந்துவிட்டதே!

வரும். பூச்சில்லாத ஈர இரும்பு காற்றைப் பார்த்ததும் துருப்பிடிக்கத் தொடங்கும். நாலு நாள் பாடுபட்டுத் துருவை எடுத்தவர்கள் இந்தக் கடைசி அரை மணி நேரத்தில்தான் தோற்கிறார்கள்.

அமிலத்தை வடிப்பதற்கு முன்பே அடுத்து வேண்டிய எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வடித்ததும் தண்ணீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றி அமிலத்தை முறியுங்கள். நுரை அடங்கியதும் சுத்தமான வெந்நீரில் அலசுங்கள். வடித்த கையோடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு லிட்டரை உள்ளே விட்டு எல்லாப் பக்கமும் உருட்டுங்கள். மடிப்புகளில் ஒளிந்திருக்கும் தண்ணீரை அது தன்னோடு இழுத்துக்கொண்டு வரும். அதை வடித்து, உலர்ந்த காற்றை ஊதுங்கள். முடி உலர்த்தியையோ வெப்பத் துப்பாக்கியையோ அப்போது எடுக்காதீர்கள், ஆல்கஹால் ஆவியும் எரியும்.

உலர்ந்ததும் அன்றே காரில் பூட்டிக் கழுத்துவரை பெட்ரோல் நிரப்ப முடிந்தால் அதுவே சிறந்த பாதுகாப்பு. முடியாதென்றால் மெல்லிய எண்ணெயை உள்ளே விட்டு எல்லாச் சுவரிலும் படும்படி உருட்டி, துளைகளை அடைத்து வையுங்கள். லேசாகத் துணியில் ஒட்டும் அளவுக்கு மஞ்சள் படர்ந்திருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. செதிலாக உதிராதவரை அதனால் கெடுதல் இல்லை.

உள்பூச்சு அடித்துவிட்டால் ஆயுளுக்கும் கவலை இல்லையாமே?

டேங்க் பூச்சு விற்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். என் கருத்து வேறு. பூச்சு நல்ல டேங்குக்குத் தேவையில்லை, கெட்ட டேங்கைக் காப்பாற்றாது. நடுவில் இருக்கும் சில டேங்குகளுக்கு மட்டும், அதாவது தகடு உறுதி, ஆனால் மாற்று எங்குமே கிடைக்காது என்ற நிலையில், கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம்.

பெரும்பாலும் நடப்பது பூசி மெழுகல். துருவும் எண்ணெய்ப் பசையும் இருக்கும் இடத்தின்மேலேயே ஊற்றிவிடுகிறார்கள். மேலே பளபளப்பாகத்தான் இருக்கும். அடியில் துரு தன் வேலையைத் தொடரும். ஓரிரு ஆண்டுகளில் பூச்சு தோல்போல் உரிந்து, உறிஞ்சு குழாயின் வாயில் போய்ப் படுத்துக்கொள்ளும். துருச் செதிலாவது நொறுங்கும், இது நொறுங்காது. சில பழைய வகைப் பூச்சுகள் எத்தனாலில் இளகிப் பிசினாகவும் மாறின. அதை எடுக்க அசிட்டோனோடு மல்லுக்கட்ட வேண்டும். அப்படி ஒரு டேங்கைச் சுத்தம் செய்த பிறகு நான் அந்தப் பக்கம் போவதில்லை.

அடித்தே தீர வேண்டும் என்றால், எத்தனாலைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுதிக்கொடுத்த எப்பாக்ஸி வகையாகப் பாருங்கள். எண்ணெய்ப் பசை அறவே கூடாது. உறிஞ்சு குழாய், திரும்பு குழாய், காற்றுக் குழாய் மூன்றிலும் காற்றை ஊதிக்கொண்டே இருங்கள், பூச்சு இறுகிவிட்டால் திறக்க முடியாது. உபரியை முழுக்க வடியுங்கள். காயச் சொன்ன நாள்களைக் குறைக்காதீர்கள்.

துளையை நானே வெல்டிங் செய்து அடைக்கலாமா?

வேண்டாம். பல முறை கழுவிய டேங்கின் மடிப்புக்குள்ளும் பெட்ரோல் ஒளிந்திருக்கும், சூடு பட்டதும் ஆவியாகி வெளிவரும். பற்றவைக்கும் தொழில் தெரிந்தவர்கள் நீராவி பாய்ச்சியும், ஆர்கான்போன்ற எரியா வாயுவை நிரப்பியும், வேலை நடக்கும் இடம் மட்டும் வெளியே தெரியும் அளவுக்குத் தண்ணீர் நிரப்பியும் செய்கிறார்கள். வண்டிப் புகையை உள்ளே விட்டால் போதும் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

அடைத்து வந்த டேங்கைச் சோதிக்கும்போது 0.1 அல்லது 0.15 பார் காற்றழுத்தத்துக்கு மேல் போகாமல், சோப்புநீர் தடவிக் குமிழியைத் தேடுங்கள். கம்ப்ரசரை நேரே செருகினால் டேங்க் பூசணிக்காய்போல் உப்பிவிடும்.

புதிய டேங்க் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

முதலில் உங்கள் காரில் டேங்க் வேறு என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். 1960களின் ஃபோர்டு மஸ்டாங்கில் டேங்கின் மேல்தகடுதான் டிக்கியின் தரை. அளவு கொஞ்சம் பிசகினாலும் உட்காராது. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் டேங்க் முன்பக்கச் சாமான் அறையில், பயணிகளின் காலுக்கு அருகில் இருப்பதால், மூடியும் குழாய் இணைப்பும் துளிகூடக் கசியக் கூடாது.

பழைய டேங்கைப் புதியது பொருந்திய பிறகே தூக்கிப் போடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, நிரப்பும் கழுத்தின் சாய்வு, குழாய்களின் இடம், மிதவைத் துளையின் ஆணி அமைப்பு எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். அலுமினிய டேங்க் துருப்பிடிக்காது, ஆனால் இரும்புப் பட்டை நேரடியாகப் பட்டால் அந்த இடத்தில் அரிக்கும். நடுவில் ஈரம் உறிஞ்சாத ரப்பர் வைக்க வேண்டும். புதிய டேங்கையும் ஒரு முறை அலசி உலர்த்துங்கள். தயாரிப்பு எண்ணெயும் உலோகத் தூளும் உள்ளே இருப்பது வழக்கம்.

புதிய டேங்க் போட்டேன், பெட்ரோல் அளவுமானி தாறுமாறாகக் காட்டுகிறது. ஏன்?

பெயின்ட். பல பழைய கார்களில் மிதவை அலகு டேங்கின் உடல் வழியாகத்தான் எர்த் பெறுகிறது. அழகாகப் பெயின்ட் அடித்து ரப்பர்மேல் உட்காரவைத்த டேங்குக்கு எர்த் ஏது? தனியாக ஒரு கம்பி இழுத்துச் சேசிஸில் இணைத்தால் சரியாகிவிடும். அப்படியும் சரியாகவில்லை என்றால் மிதவை அலகின் மின்தடையைப் பாருங்கள். அமெரிக்க வகைகள் பலவற்றில் காலியில் 240 ஓம், நிரம்பினால் 33. ஜெனரல் மோட்டார்ஸ் வகைகள் பலவற்றில் காலியில் 0, நிரம்பினால் 90. ஐரோப்பிய வகைகள் பலவற்றில் 10 முதல் 180. மானியும் மிதவையும் வெவ்வேறு குடும்பமாக இருந்தால் ஒருநாளும் ஒத்துப்போகாது.

டேங்க் மட்டும் சரியானால் போதுமா?

போதாது. டேங்கிலிருந்து முன்னால் போகும் இரும்புக் குழாயிலும் அதே துரு இருக்கும். ஊதிச் சுத்தம் செய்யுங்கள், அரித்திருந்தால் மாற்றுங்கள். ரப்பர் குழாய்களை யோசிக்காமல் மாற்றலாம். எத்தனால் வருவதற்கு முந்தைய ரப்பர் உள்ளுக்குள் கரைந்து கறுப்புப் பொடி விடும். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்ற தரக்குறி அச்சிட்ட குழாயைக் கேட்டு வாங்குங்கள். பம்பையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் கடைசியாகக் கழுவுங்கள், முதலில் அல்ல.

வடித்த பெட்ரோலையும் அமிலக் கழிவையும் என்ன செய்வது?

சாக்கடையிலும் மண்ணிலும் ஊற்ற வேண்டாம். மூடிய கலனில் வைத்து, ஆபத்தான கழிவுகளைப் பெறும் இடத்தில் ஒப்படையுங்கள். புளித்த வாடை அடிக்கும் பழைய பெட்ரோலை வேறு வண்டியில் ஊற்றித் தீர்க்கவும் பார்க்காதீர்கள்.

மறுபடி துரு வராமல் இருக்க?

காரை நிறுத்தி வைக்கும் மாதங்களில் டேங்கை நிரப்பி வையுங்கள், காற்றுக்கு இடம் குறையும். எத்தனால் கலக்காத பெட்ரோல் கிடைத்தால் அந்தக் கடைசி நிரப்புதலுக்கு அதையே எடுங்கள். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் கழுவும்போதும் மழையிலும் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்குகிறது. பட்டைகளுக்கு அடியில் பழைய நார்த் திண்டைத் திரும்ப வைக்காதீர்கள்.

ஒளி ஊடுருவும் ஃபில்டர் ஒன்றைப் பம்புக்கு முன்னால் பொருத்தி, முதல் 50 கிலோமீட்டருக்குப் பிறகு ஒரு முறையும், 500 கிலோமீட்டருக்குப் பிறகு ஒரு முறையும் பாருங்கள். முதல் தடவை கொஞ்சம் பழுப்பு தெரியும், ஃபில்டரை மாற்றுங்கள். இரண்டாம் தடவையும் அதே அளவு பழுப்பு இருந்தால், டேங்கை மறுபடி இறக்க வேண்டியதுதான்.